அக்காவின் கன்னத்து மங்கு

லிஃப்ட் ஏழாவது மாடிக்கு ஏறுவதற்குள் நான்கு பேர் சின்னவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ரகசியமாம். போன வெள்ளிக்கிழமை சேர்மன் கதவைச் சாத்திக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு டீலர்கள் கூட்டத்துல அறிவிக்கறேன், அதுவரைக்கும் நமக்குள்ள இருக்கட்டும்" என்று சொன்ன சேதி. அது நாலே நாளில் வாசல் காவலாளி வரைக்கும் இறங்கிப் போயிருந்தது.

இன்று சாயங்காலத்திலிருந்து அவள்தான் இந்த அழகுசாதனக் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர். தோளில் பையை மாட்டிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கி, "அண்ணே, ஒரு டஜன் மட்டும் வச்சுப் பாருங்க" என்று கெஞ்சியவள். இருபத்தாறு வருஷம் ஆயிற்று. ஐம்பது வயதில் நானூறு பேர் அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். வீட்டுக்குப் போனால் மட்டும் அவள் இன்னமும் சின்னவள்தான். நான்கு வயது மூத்த அக்கா வைத்த பெயர் அது. அக்காவுக்கு முன்னால் பதவியாவது, ஒன்றாவது.

அக்காவின் மகளும் இதே கம்பெனிக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. பரீட்சை எழுதி, நேர்முகத்துக்கு வந்து, சித்தியின் சிபாரிசு இல்லாமலே இரண்டாவது மாடியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் நாற்காலி பிடித்தவள். ஆள் சின்ன உருவம், வாய் காரம். அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் மிளகு. சின்னவள் அவளுக்குப் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஆபீசுக்குள் சித்தி கிடையாது, மேடம்.

ஒன்பதரை மணிக்கு மிளகு கதவைத் தட்டினாள்.

"மேடம், உள்ள வரலாமா?"

"வா, யாரும் இல்ல. சித்தின்னே கூப்பிடு."

மிளகு கூப்பிடவில்லை. கையில் இருந்த பழைய நோட்டீஸ் ஒன்றை மேஜைமேல் வைத்து, சின்னவள் பக்கமாகத் திருப்பினாள்.

"பழைய விளம்பரமெல்லாம் ஹால் வாசல்ல வைக்கணும்னு எங்களை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினாங்க. இதை சேர்மனே தேர்ந்தெடுத்திருக்கார். கம்பெனியைத் தூக்கி நிறுத்தின நோட்டீஸாம். ஆளுயரத்துக்குப் பெருசு பண்ணியாச்சு."

சின்னவள் பார்த்தாள். பார்க்க வேண்டியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் அவளுக்கு அது தெரியும். இரண்டு படங்கள். கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கழுத்தோடு முடியும் ஒரு பெண் முகம். இடது பக்கம், இரு கன்னத்திலும் பழுப்புத் திட்டு. அடியில் 'முன்பு'. வலது பக்கம், அதே முகம் துடைத்துவிட்ட மாதிரி. அடியில் 'எட்டு வாரங்களுக்குப் பின்பு'.

"இது எங்க அம்மா தானே?" என்றாள் மிளகு.

"சேச்சே. ஏஜென்சி கூட்டிட்டு வந்த மாடல்."

யோசிக்காமல் வந்தது அந்தப் பதில். இருபத்துமூன்று வருஷமாக நாக்கின் நுனியிலேயே தயாராக உட்கார்ந்திருந்த பதில்.

மிளகு படத்தின் தாடைமேல் விரலை வைத்தாள். "இந்த வெட்டு? குழாயடியில விழுந்து மூணு தையல் போட்டது. நீங்கதான் தள்ளிவிட்டீங்கன்னு அம்மா இப்பவும் சிரிச்சிக்கிட்டே சொல்வாங்க. அந்த மாடலையும் நீங்கதான் தள்ளிவிட்டீங்களா?"

சின்னவளின் காது மடல் சுட்டது. பெற்ற பிள்ளை மாதிரி தூக்கி வளர்த்த பெண்ணிடம், முகத்துக்கு நேரே பொய் சொல்லி மாட்டிக்கொண்டாயிற்று.

"அம்மாதான்," என்றாள், மேஜையைப் பார்த்தபடி.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும்..."

"கூட்டத்துக்கு முன்னாடி, மேடம்."

அந்த 'மேடம்' அவளே போட்ட நிபந்தனை. அது இப்படித் திரும்பி வந்து குத்தும் என்று போட்ட நாளில் நினைக்கவில்லை.

மிளகு வயிற்றில் இருந்தபோதுதான் அக்காவின் கன்னங்களில் மங்கு விழுந்தது. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்தும் போகவில்லை. அக்காவுக்குத் தலைமைத் தபால் நிலையத்தில் கவுன்டர் வேலை. ஸ்டாம்ப் வாங்க வந்தவர்களெல்லாம் வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருநாள் யாரோ ஒரு அம்மாள் தன் குழந்தையிடம், "அவங்க மூஞ்சியைப் பாக்காத" என்று சொன்னாள். அந்த வாரமே அக்கா எழுதிக் கொடுத்து, உள்ளே தபால் பிரிக்கும் அறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள்.

"நல்ல டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டறேன்" என்று சொல்லித்தான் சின்னவள் படம் எடுத்தாள். ஜன்னலோரம், வெளிச்சத்தில். அக்கா மடியில் மிளகு. டாக்டர் என்று யாரும் இல்லை. ஆனால் அன்று மனசில் கள்ளம் எதுவும் இல்லை. கம்பெனியின் லேப்பில் மூத்த கெமிஸ்ட் ஒருவர் இருந்தார், அவரிடம் காட்டலாம் என்றுதான் இருந்தாள். காட்டவும் செய்தாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மங்குக்கு நம்ம க்ரீம் கேக்காதும்மா. ரொம்ப நாள் போட்டா தோல்தான் புண்ணாகும்."

பத்து நாள் கழித்து நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டிய கடைசி நாள். ஏஜென்சி எடுத்த 'முன்பு' படம் எடுபடவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் குறையே இல்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, மூன்று வருஷமாகத் தெருத்தெருவாக அலைந்தும் யார் கண்ணிலும் படாத விற்பனைப் பெண் தன் பையைத் திறந்து அக்காவின் படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் பையைத் தூக்கவே இல்லை. ஏரியா மேனேஜர், மார்க்கெட்டிங் மேனேஜர், டைரக்டர். க்ரீமுக்குக் கம்பெனி வைத்த பெயர் மறந்து, கடைகளில் 'ஒரு எட்டு வாரம் குடுங்க' என்றே கேட்டார்கள். இன்றும் அப்படித்தான். அக்காவின் வட்டாரத்துக் கடைகளுக்கு மட்டும் அந்த நோட்டீஸ் போகாமல் அவள் பார்த்துக்கொண்டாள். அவ்வளவு முன்யோசனை.

பன்னிரண்டரைக்கு அவள் தபால் நிலையத்தின் பின்வாசலில் காரை நிறுத்தச் சொன்னாள்.

பிரிக்கும் அறை பெரிய கொட்டகை மாதிரி இருந்தது. சுவர் நெடுகச் சின்னச் சின்ன மரக் கட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெயர். கோந்தும் சாக்கும் கலந்த வாசனை. மூலையில், கட்டி வைத்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் பெஞ்சுமேல் உட்கார்ந்து அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னடி இந்த நேரத்துல? உனக்கு இன்னைக்குப் பெரிய நாளாச்சே. மிளகு சொன்னா. சாப்பிட்டியா?"

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

"உக்காந்து சொல்லு. நின்னுக்கிட்டு சொன்னா பயமா இருக்கு."

சின்னவள் உட்கார்ந்தாள். காரில் வரும்போது அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. நோட்டீஸை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான்.

அக்கா டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இதுக்கா இப்படி முகம் வெளுத்துப்போய் வந்திருக்க? இது எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரியுமா?"

"பைத்தியக்காரி. எங்க பக்கத்துக் கடைக்கு அனுப்பலன்னா எனக்குத் தெரியாமப் போயிடுமா? வெளியூருக்கெல்லாம் தபால்ல அனுப்பினீங்கல்ல? இந்த ஊர்ல இருந்து வெளிய போற தபால் எல்லாம் எங்க வந்து விழும்னு நினைச்ச? இந்த மேஜையிலதான். மூட்டையில ஒரு கவர் கிழிஞ்சிருந்தது. என்னடான்னு பாத்தா, நான்."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருப்பேன். முதல்ல சுருக்குன்னுதான் இருந்தது. அப்புறம் ரெண்டாவது படத்தைப் பாத்தேன்." அக்கா வலது பக்கத்து முகத்தை விரலால் தடவினாள். "டாக்டர்கிட்ட காட்டறேன்னு சொன்னியே. இந்த மருந்து போட்டா என் முகம் எப்படி ஆகும்னு அந்த டாக்டர்தான் கணிச்சுப் போட்டிருக்கார்னு நினைச்சேன். அன்னைக்கே கடைக்குப் போய் ஒண்ணு வாங்கினேன்."

"அக்கா..."

"நீ வரும்போதெல்லாம் சோப்பு, பவுடர்னு பை நிறையக் கொண்டுவருவ, அதை மட்டும் கொண்டுவர மாட்ட. விலை ஜாஸ்தி, சும்மா எடுக்க விடமாட்டாங்க போலன்னு நானே வாங்கிக்கிட்டேன். உனக்குத் தெரியாமப் போட்டு, சரியாகி, ஒருநாள் உன் முன்னாடி வந்து நிக்கணும்னு ஆசை."

"எவ்வளவு நாள் போட்ட?"

"எட்டு வாரம்னு போட்டிருந்ததா? போட்டேன். போகல. நான்தான் ஒழுங்காப் போடலையோன்னு இன்னொரு எட்டு வாரம். அப்படியே..." அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டு, மூட்டைகளைப் பார்த்துச் சொன்னாள். "ஒன்பது வருஷம் இருக்கும். அப்புறம் எரிய ஆரம்பிச்சுது. தோல் டாக்டர் பாத்துட்டு, இனிமே எதையும் தொடாதீங்கன்னுட்டார். இப்பவும் வெயில்ல போனா எரியும். அதான் நான் நிழல் பக்கமாவே நடக்கறது."

அக்கா நிழல் பக்கமாக நடப்பது சின்னவளுக்குத் தெரியும். எதிர்ப் பக்கம் போகக் கூட ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருவாள். வயசாகிவிட்டது, வெயில் தாங்கவில்லை என்று சின்னவள் கேலிகூடப் பண்ணியிருக்கிறாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் கம்பெனி சாமான் எனக்குக் கேக்கலன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்காதா? என் தோல் அப்படி. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" அக்கா எழுந்து, சின்னவளின் காலரைச் சரிசெய்து விட்டாள். "படத்தைச் சொல்லாம எடுத்தது தப்புதான். போகட்டும். அந்தப் படத்தால நீ ஒரு இடத்துக்கு வந்தேன்னா எனக்குப் பெருமைதான். போ, நேரமாச்சு."

மிச்சத்தையும் சின்னவள் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூடச் செய்தாள். "சரிக்கா" என்றுதான் வந்தது.

வெளியே வந்தாள். டிரைவர் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. திட்டில்லை, அழுகையில்லை. மன்னிப்புகூடக் கேட்காமல் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. மிளகிடம் தலை நிமிர்ந்து, 'சொல்லிட்டேன்' என்று சொல்லலாம்.

அந்த அப்பாடாதான் அவளால் தாங்க முடியவில்லை. ஒன்பது வருஷம் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டவள் உள்ளே இருக்கிறாள். இவள் அவளிடம் ஆசி வாங்கிக்கொண்டு காரில் ஏறப்போகிறாள். ஐம்பது வருஷத்தில் தன்னை இவ்வளவு கேவலமாக அவள் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

"ஆபீசுக்குத்தானேம்மா?" என்றார் டிரைவர்.

"இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. அக்கா மேஜையில் நின்று கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு பேர். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் மறுபடி தைரியம் போய்விடும் என்று சின்னவளுக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே சொன்னாள்.

"டாக்டர்னு யாருமே இல்லக்கா. ரெண்டாவது படம், ஸ்டூடியோவுல ஒருத்தர் உக்காந்து உன் மங்கை ப்ரஷால அழிச்சது."

அக்காவின் கை நிற்கவில்லை. ஒரு கடிதம், ஒரு கட்டம். ஒரு கடிதம், ஒரு கட்டம்.

"அதுகூடப் பரவாயில்ல. அதுக்கு முன்னாடியே எங்க கெமிஸ்ட்கிட்ட உன் படத்தைக் காட்டினேன். மங்குக்கு இது கேக்காது, தோல் புண்ணாகும்னு சொன்னார். தெரிஞ்சேதான் உன் படத்தை நோட்டீஸுக்குக் குடுத்தேன்."

கை நின்றது. எதிரே இருந்த இரண்டு பேரும் தங்கள் கடிதங்களை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

அக்கா கையிலிருந்த கடிதத்தை ஒரு கட்டத்தில் போட்டாள். தப்பான கட்டம். எடுத்துச் சரியான கட்டத்தில் போட்டாள். பிறகு புறங்கையால் தன் கன்னத்தை மெதுவாகத் தொட்டாள், காய்ச்சல் குழந்தையைத் தொடுவது போல.

"பாவம்," என்றாள். "இத்தனை வருஷமா இது மேலதான் பழி போட்டுக்கிட்டிருந்தேன்."

"அக்கா, என்னை ஒரு வார்த்தை திட்டு."

"வேலை இருக்குடி. போ."

மூன்றரை மணிக்குச் சேர்மன் அறையில் சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மனிதர். பையோடு வந்த பெண்ணை முதன்முதலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னவர்.

"இருபத்துமூணு வருஷக் கதைம்மா. அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க."

"இன்னைக்கும் பண்றோம் சார். டப்பாமேல எட்டு வாரம்னு இன்னும் இருக்கு. மங்குக்குன்னும் இருக்கு. வருஷா வருஷம் அதுல கையெழுத்துப் போடறது நான்தான்."

சேர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு உக்காந்து பேசுவோம். மாத்த வேண்டியதை மாத்துவோம். இன்னைக்கு முந்நூறு பேர் உங்களைப் பாக்க வந்திருக்காங்க. இந்த ஒருநாள் வேண்டாம்."

சின்னவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, தன் தலையா அது என்று கூசினாள்.

ஹால் வாசலில் மிளகு நின்றிருந்தாள். ஆளுயரப் படத்தை அவள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். தன் போனை நீட்டினாள்.

"அம்மா லைன்ல."

சின்னவள் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் முத்திரை குத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சின்னவளே, உன்மேல எனக்குக் கோபமா, என்னன்னு இன்னும் தெரியல. அதை அப்புறம் வச்சுக்கலாம். வேற ஒண்ணு மனசுல அறுத்துக்கிட்டே இருக்கு."

"சொல்லுக்கா."

"அன்னைக்குக் கிழிஞ்சது ஒரு கவர்தான். மிச்சத்தையெல்லாம் ஊர்வாரியாப் பிரிச்சு மூட்டை கட்டினது நான். நாலாயிரம் இருக்கும். என்னை மாதிரி இருக்கறவங்களுக்கெல்லாம் நல்ல சேதி போகுதேன்னு, ஒண்ணுகூடத் தப்பாப் போகக் கூடாதுன்னு, வேலை நேரம் முடிஞ்சும் உக்காந்து பிரிச்சேன்டி. அத்தனை வீட்டுலயும் என் முகத்தைப் பாத்துத்தானே வாங்கிப் போட்டிருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் யாரு சொல்றது?"

உள்ளே கைதட்டல் கிளம்பியது. சேர்மன் அவள் பெயரைச் சொல்லிவிட்டார்.

"நான் சொல்றேன்க்கா."

முத்திரைச் சத்தம் மட்டும் இரண்டு முறை கேட்டு, லைன் அறுந்தது. மிளகு போனை வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து முதல் தடவையாக, "போங்க சித்தி" என்றாள்.

மேடைக்குப் போகும் வழி நெடுகக் கை குலுக்கினார்கள். முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பழைய டீலர்கள். அவளுடைய பையை இறக்கி வைக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தவர்கள். அந்த நோட்டீஸைக் கடை மேஜையில் அடுக்கி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்தவர்கள்.

சேர்மன் அவள் தோளில் கை வைத்து, சபைக்குக் காட்டினார். கைதட்டல் கூடியது. பக்கத்தில் நின்ற சின்னவளின் முகத்தை அவர் ஒருதரம் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக அவளைப் பார்த்து வருகிறவர். புரிந்துகொண்டார்.

"மேடம் ரொம்ப நெகிழ்ந்துபோயிருக்காங்க. பேசற நிலையில இல்ல. நாம நேரா அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிடலாம்," என்றார் சபையைப் பார்த்து.

சின்னவள் மைக்குக்காகக் கையை நீட்டினாள்.

சேர்மன் கொடுக்கவில்லை. சிரித்த முகத்தோடு மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவள் கையைக் கீழே இறக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் தட்டுவதை நிறுத்தினார். பிறகு அவருக்குப் பக்கத்திலிருந்தவர். ஒவ்வொரு வரிசையாகக் கைதட்டல் அடங்கிக்கொண்டே பின்னால் போயிற்று. கடைசியில், முந்நூறு பேர் இருந்த அந்த ஹாலில், நீட்டிய கை ஒன்றை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.